மூன்றாம் மாடி ஜன்னலில் ஒரு அச்சுப்பிழை

அவள் உயரமான கட்டடங்களுக்குக் கண்ணாடி துடைக்கிறவள். மொட்டை மாடியில் கயிற்றைக் கட்டி, இடுப்பில் வாரை மாட்டிக்கொண்டு, வாளியும் ரப்பர் துடைப்பானுமாக மாடி மாடியாக இறங்கும் வேலை. எட்டு வருடமாகச் செய்கிறாள். கூட வேலை செய்கிறவர்கள் அவளைப் பல்லி என்று கூப்பிடுவார்கள். அவளும் கோபப்படாமல் திரும்பிப் பார்ப்பாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு, ஆறாவது மாடி ஜன்னல் ஒன்று எவ்வளவு துடைத்தும் தெளியவில்லை. மங்கல் உள்பக்கம் இருந்தது. கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்தாள். அழுக்கு இல்லை, புகை. அடுப்பில் ஒரு பாத்திரம் கருகிக்கொண்டிருந்தது. பக்கத்தில் தொங்கிய துண்டு எரிந்துகொண்டிருந்தது. திறந்த கதவுக்கு அப்பால், இரவு வேலை முடித்து வந்த நர்ஸ் ஒருத்தி சீருடையைக்கூட மாற்றாமல் கட்டிலில் குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

பல்லி ஜன்னலை நெம்பித் திறந்து உள்ளே குதித்தாள். அடுப்பை அணைத்தாள். துண்டின்மேல் வாளியைக் கவிழ்த்தாள். உலுக்கியும் எழுந்திருக்காத நர்ஸைத் தோளில் போட்டுக்கொண்டு ஆறு மாடியும் இறங்கி, வாசல் படியில் உட்காரவைத்தாள்.

தீயணைப்பு வண்டி இருபது நிமிடம் கழித்து வந்தது. நிலைய அலுவலர் மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்து, ஒரு படிவத்தை எடுத்தார்.

"தீயை அணைச்சது யாரு?"

"நான்தான் சார்."

"பதவி?"

"கண்ணாடி துடைக்கறேன்."

"அது வேலைம்மா. நான் பதவி கேக்கறேன்." அவர் படிவத்தை அவளிடம் காட்டினார். "இதுல பதினாலு பதவி இருக்கு. இதுல எதுலயும் இல்லாத ஒருத்தர் அணைச்சா, அந்தத் தீ இன்னும் அணையலைன்னுதான் பதிவாகும்."

பிறகு அவர் தன் ஆட்களில் ஒருவரை மேலே அனுப்பி, ஏற்கெனவே நனைந்து கிடந்த துண்டின்மேல் இன்னொரு வாளித் தண்ணீர் ஊற்றச் சொன்னார். அந்த ஆள் இறங்கி வந்ததும், தீயை அணைத்தவர் என்று அந்த ஆளின் பெயரை எழுதிக்கொண்டார். போகிறபோது, வண்டியிலிருந்து ஒரு விண்ணப்பத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"ஆள் நல்லா இருக்கீங்க. தொடக்கநிலை எழுத்துத் தேர்வு வருது. எழுதிப் பாஸ் பண்ணிட்டு வந்து அணைங்க. எங்களுக்கும் சிரமம் இருக்காது."

அவள் அந்தக் காகிதத்தை மடித்து வாளிக்குள் போட்டுக்கொண்டாள். வீட்டுக்கு வந்து பிரித்துப் படித்தபோது வயது வரம்பு முப்பது என்று இருந்தது. அவளுக்கு இருபத்தொன்பது முடிந்து நான்கு மாதம் ஆகியிருந்தது.

அவள் கணவன் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் சமையல்காரன். முந்நூறு பேருக்கு எவ்வளவு உப்பு, எவ்வளவு எண்ணெய் என்று சீட்டைப் பார்க்காமல் சொல்வான். உயரம் மட்டும் ஆகாது. வீட்டில் பல்பு மாற்றுவது அவள்தான். அவன் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நிற்பான், கண்ணை மூடிக்கொண்டு.

"இருக்கற வேலைக்கு என்ன?" என்று கேட்டான்.

"எட்டு வருஷமா ஜன்னலுக்கு வெளியில நின்னே எல்லார் வீட்டையும் பாக்கறேன். அன்னைக்கு ஒரு நாள்தான் உள்ள போனேன்," என்றாள். "போனது சரியா இருந்துச்சு."

அவன் காகிதத்தைத் திருப்பினான். விண்ணப்பத்தின் பின்பக்கத்தைப் படித்தான். துறை நடத்தும் பயிற்சி வகுப்புக்கு வருகிறவர்களே தேர்வு எழுதலாம். வகுப்பில் ஜோடியாகத்தான் சேர்த்துக்கொள்வார்கள். காயம்பட்டவரைச் சுமக்கும் தூக்குப்படுக்கைக்கு இரண்டு முனைகள் இருப்பதே காரணம் என்று போட்டிருந்தது.

"வகுப்புல தூக்குப்படுக்கை தூக்கச் சொல்லுவாங்களா?" என்றான்.

"எழுத்துத் தேர்வு வகுப்புங்க. பேனாதான் தூக்கணும்."

அப்படியாக அவனும் விண்ணப்பித்தான்.

துறை வெளியிட்ட வழிகாட்டி நூல் நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். முதல் தொண்ணூறு பக்கம் துறையின் சின்னத்தைப் பற்றியது. அதில் இருக்கும் கழுகின் இடது இறக்கையில் எத்தனை இறகு, வலதில் எத்தனை, ஏன் ஒன்று குறைவு என்று விளக்கியிருந்தார்கள். அடுத்து பதவிகள், தோள்பட்டைப் பட்டைகளின் அகலம், மேலதிகாரிக்குக் கடிதம் தொடங்கும் முறை, முடிக்கும் முறை. தீ முந்நூற்றுத் தொண்ணூற்று ஒன்றாம் பக்கத்தில் வந்தது. முந்நூற்றுத் தொண்ணூற்று நான்கில் அணைந்துவிட்டது.

வகுப்பை நடத்தியவர் பயிற்சி அலுவலர். சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. முதல் நாளே கையை முழங்கைவரை சுருட்டி எல்லோருக்கும் காட்டினார்.

"இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். ஒரு தீக்காயம் இருக்கா பாருங்க. இருக்காது. ஏன்னா நான் படிச்சவன். படிக்காதவன்தான் தீகிட்ட போய் மாட்டிக்குவான்."

வகுப்பு கை தட்டியது. பல்லியும் தட்டினாள். பிறகு அவர் கரும்பலகையில் ஒரு கேள்வியை எழுதினார். தீப்பிடித்த இடத்தில் முதலில் செய்யவேண்டியது என்ன? அ, ஆட்களை வெளியேற்றுதல். ஆ, தண்ணீர் பாய்ச்சுதல். இ, மின்சாரத்தைத் துண்டித்தல். ஈ, மேற்கண்ட எதுவுமில்லை.

பல்லி 'அ' என்றாள்.

"எல்லாரும் அதைத்தான் சொல்வாங்க," என்றார் பயிற்சி அலுவலர், அன்பாகவே. "சரியான விடை 'ஈ'. முதல்ல செய்ய வேண்டியது, வந்து சேர்ந்த நேரத்தைக் குறிச்சுக்கறது. அது விடைகள்ல இல்ல. அதனால 'ஈ'."

"நேரம் எழுதற வரைக்கும் உள்ள இருக்கறவங்க என்ன சார் செய்வாங்க?"

"அது பாடத்திட்டத்துல இல்லம்மா."

அடுத்து கணக்கு. முப்பது படி உள்ள ஏணியில் ஒரு தீயணைப்பாளர் நிமிடத்துக்கு மூன்று படி ஏறி இரண்டு படி சறுக்குகிறார். எத்தனை நிமிடத்தில் உச்சியை அடைவார்? வகுப்பு முழுக்கத் தலையைக் குனிந்து போட்டது. பல்லி மட்டும் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன யோசனை?"

"அவர் ஏன் சார் சறுக்கறாரு? முதல்ல கீழ இறக்கி செருப்பைப் பாக்கணும். ரெண்டாவது தடவை சறுக்கினவரை மூணாவது தடவை ஏறவிட்டா, கயிறு பிடிக்கறவங்க மேலதான் தப்பு."

பயிற்சி அலுவலர் கடிகாரத்தைப் பார்த்தார். பல்லியின் கணவன் மெதுவாக, "இருபத்தெட்டு நிமிஷம் சார்," என்றான். அன்றிலிருந்து அவனை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள்.

அவனுக்கு அந்தப் புத்தகம் சமையல் குறிப்பு மாதிரி இருந்தது. ஏன் என்று கேட்காமல் அளவை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். வெங்காயம் நறுக்கிக்கொண்டே தோள்பட்டைப் பட்டைகளை ஒப்பித்தான். மாலையில் அவன் தங்கை தையல் இயந்திரத்தில் உட்கார்ந்தபடி இருவருக்கும் கேள்வி கேட்பாள்.

"அண்ணி, கழுகோட இடது இறக்கையில எத்தனை இறகு?"

"பதினேழு?"

"பதினாறு. அண்ணா, வலதுல?"

"பதினஞ்சு. ஒண்ணு, பணியில உயிர் நீத்தவங்க நினைவா உதிர்ந்தது. பக்கம் நாப்பத்து மூணு, ரெண்டாவது பத்தி."

தங்கை ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே, "அண்ணி, தீப்பிடிச்சா நான் உங்களைக் கூப்பிடறேன். கழுகு பிடிச்சா அண்ணனைக் கூப்பிடறேன்," என்றாள்.

நான்காவது வாரம் நினைவாற்றல் பயிற்சி. ஒரு படத்தை ஐந்து நிமிடம் பார்க்க வேண்டும்; பிறகு புத்தகத்தை மூடிவிட்டுக் கேள்விகளுக்கு விடை எழுத வேண்டும். பக்கம் நூற்று அறுபத்து நான்கு, படம் ஒன்பது. ஒரு தெரு. நாலு மாடிக் கட்டடம் ஒன்று எரிகிறது. எதிரே கடைகள், ஒரு பூனை, பால்கனியில் பூந்தொட்டிகள், கொடியில் துணிகள்.

கேள்விகள்: பூந்தொட்டிகள் எத்தனை? பூனையின் நிறம் என்ன? கடைப் பலகையில் எத்தனை எழுத்து? கொடியில் உள்ள சட்டைகளில் கோடு போட்டது எது?

பல்லியின் தாள் வெறுமையாக இருந்தது. கீழே ஒரே ஒரு வரி எழுதியிருந்தாள்.

"என்ன இது? 'மூணாவது மாடி வலது கோடி ஜன்னல்ல ஒரு பொம்பளை நிக்கறாங்க, கையைத் தூக்கியிருக்காங்க, படிக்கட்டுப் பக்கம் புகை, பின்பக்கமா போகணும்.' அப்படி யாரும் இல்லையேம்மா."

"இருக்காங்க சார்."

"பதினோரு வருஷமா இந்தப் படத்தைக் காட்டறேன். ஆயிரக்கணக்கான பேர் பாத்திருக்காங்க."

பயிற்சி அலுவலர் பூதக்கண்ணாடி கொண்டுவரச் சொன்னார். பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். ஒரு அரிசி அளவுக்கு முகம், ஒரு கோடு அளவுக்குக் கை.

"அச்சுப்பிழை," என்றார்.

அடுத்த வாரம் எல்லோருக்கும் ஒரு திருத்தச் சீட்டு கொடுத்தார்கள். பக்கம் 164, படம் 9: மூன்றாம் மாடி ஜன்னலில் காணப்படும் பெண்ணை இல்லை எனக் கொள்க.

அன்று சாயந்திரம் அவள் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். கணவன் காய்கறிக் கூடையோடு வந்து எட்டிப் பார்த்தான்.

"தொட்டி ஏழு. பூனை வெள்ளை. காதுல மட்டும் கறுப்பு."

"அவங்க கையைத் தூக்கியிருக்காங்க."

"தெரியும்."

"நீங்களும் பாத்தீங்களா?"

"முதல் நாளே பாத்தேன்." அவன் கூடையைக் கீழே வைத்தான். "கையைப் பத்திக் கேள்வி இல்லையேன்னு விட்டுட்டேன்."

சொன்னபிறகு அவனுக்கே அது நன்றாக இல்லை. அவள் திருத்தச் சீட்டை எடுத்து, படத்திலிருந்த அந்த ஜன்னலின்மேல் ஒட்டினாள். "சரி, தொட்டி ஏழு," என்று எண்ண ஆரம்பித்தாள். வயது வரம்புக்குள் அவளுக்கு வேறு வருடம் இல்லை. எதைப் பார்க்கக் கூடாது என்று கற்றுக்கொண்டாவது பாஸ் பண்ணிவிட வேண்டும்.

தேர்வு நாளில் துறைக் கட்டடத்தின் பெரிய மண்டபத்தில் அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்தார்கள். அவசர வழிக் கதவின்மேல் மிச்சமிருந்த மேசைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். வாசல் கதவை, கேள்வித்தாள் ரகசியம் காக்க, வெளிப்பக்கமாகப் பூட்டினார்கள். தேர்வுக் கண்காணிப்பாளர் மேடையேறி விதிகளைப் படித்தார்.

"மூணு மணி நேரம் என்ன நடந்தாலும் யாரும் எழுந்திரிக்கக் கூடாது. கூரையே விழுந்தாலும் விழுந்த இடத்துல உக்காந்து எழுதணும். எழுந்தவங்க விடைத்தாள் தனி உறையில போடப்படும்."

பல்லி நிதானமாக எழுதினாள். இறகு பதினாறு, நேரம் குறித்தல், தொட்டி ஏழு. அறுபத்தோராவது கேள்வி: மூடிய அறையில் கருகல் வாசம் வந்தால் அது எதிலிருந்து வருகிறது என்று கண்டறியும் முறை யாது?

அவள் அதைப் படிக்கும்போதே கருகல் வாசம் வந்தது. படிப்பு தலைக்கேறிவிட்டது என்று முதலில் நினைத்தாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள். சுவர் விசிறியின் ஒயர் புகைந்துகொண்டிருந்தது. அதன் கீழே திரைச்சீலையின் ஓரம் சிவந்து சுருண்டது. மண்டபம் முழுக்க அறுநூற்றுச் சொச்சம் மூக்குகள் உயர்ந்தன, முகர்ந்தன, மறுபடி தாளுக்குக் குனிந்தன. சிலர் முகர்ந்து பார்த்த கையோடு அறுபத்தொன்றுக்கு எழுதிய விடையைத் திருத்தினார்கள்.

கண்காணிப்பாளர் விதிப் புத்தகத்தின் பொருளடக்கத்தில் விரலை ஓட்டிக்கொண்டிருந்தார். திரைச்சீலையில் சுவாலை வந்துவிட்டது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த கணவன் திரும்பி அவளைப் பார்த்தான். அவன் முகம் வெளுத்திருந்தது. அவளுக்கு வயது வரம்பு ஞாபகம் வந்தது. பேனாவை மூடினாள். அந்தச் சின்ன மூடி 'டிக்' என்று பொருந்தியது அவளுக்கே கேட்டது.

எழுந்து போய் மெயின் சுவிட்சை இறக்கினாள். திரைச்சீலையை இழுத்துத் தரையில் போட்டு மிதித்தாள். ஜன்னல் விளிம்பில் ஏறி மூன்று ஜன்னல்களைத் திறந்துவிட்டாள். கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். எல்லாம் சேர்த்து மூன்று நிமிடம் இருக்கும்.

கண்காணிப்பாளர் பக்கத்தில் வந்து நின்றார். உண்மையாகவே அவருக்குக் கண் கலங்கியிருந்தது; புகையாகவும் இருக்கலாம்.

"ரொம்ப நல்லா செஞ்சீங்கம்மா. அதனாலதான் வருத்தமா இருக்கு," என்று சொல்லி அவள் தாளை எடுத்துக்கொண்டார். உறைக்கு அரக்கு முத்திரை வைக்க வேண்டும் என்பது விதி. தீயணைப்புத் துறைக் கட்டடத்தில் தீக்குச்சிக்கு அனுமதி இல்லை என்பதும் விதி. கடைசியில் பசை போட்டு ஒட்டினார்.

முடிவு மூன்று வாரம் கழித்து அறிவிப்புப் பலகையில் வந்தது. கணவன் கீழேயிருந்து மேலே அவள் எண்ணைத் தேடிக்கொண்டே போனான். இல்லை. உச்சிக்குப் போனபோது முதல் இடத்தில் அவன் எண் இருந்தது. தொண்ணூற்றெட்டு மதிப்பெண். துறையின் வரலாற்றிலேயே இவ்வளவு யாரும் வாங்கியதில்லை என்று பயிற்சி அலுவலர் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். பத்து நாளில் உடல்தகுதித் தேர்வு. கோபுரம் ஏற வேண்டும்.

"ஏணியைப் பத்தி எழுதச் சொன்னா எழுதுவேன். ஏறச் சொன்னா எப்படி?" என்று அவன் வீட்டில் புலம்பினான். யாரும் சிரிக்கவில்லை.

பல்லி மறுநாளே வேலைக்குத் திரும்பிக் கயிற்றில் இறங்கிவிட்டாள். வீட்டில் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். அவளோடு வேலை செய்கிறவர் ஒருவர் கணவனிடம், "ஒரே ஜன்னலை அரை மணி நேரமா துடைக்குது. சுத்தமாத்தான் இருக்கு, ஆனா நிறுத்த மாட்டேங்குது," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவன் கேன்டீனுக்கு லீவு சொல்லிவிட்டு வழிகாட்டி நூலை முதல் பக்கத்திலிருந்து மறுபடி படித்தான். இந்தத் தடவை ஒப்பிக்க இல்லை. ஏன் எழுதியிருக்கிறார்கள் என்று கேட்டுக்கேட்டுப் படித்தான். மதியம் மூன்று மணிக்கு, கடிதம் முடிக்கும் முறைக்கும் தொப்பி கழற்றும் முறைக்கும் நடுவில், நிமிர்ந்து உட்கார்ந்தான். அன்று சாயந்திரமே அவள் பெயரில் ஒரு மேல்முறையீடு எழுதினான்.

மேல்முறையீட்டுக் குழுவில் மூன்று பேர்: தலைவர், தேர்வுக் கண்காணிப்பாளர், பயிற்சி அலுவலர். பல்லியும் கணவனும் எதிரே நின்றார்கள். தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஒரு மண்டபம். அறுநூத்திப் பன்னெண்டு பேர். தீப்பிடிக்குது. அறுநூத்திப் பதினோரு பேர் அசையல. எனக்கு உடம்பே சிலிர்த்துப் போச்சு. இந்தக் கட்டுப்பாடு வேற எந்தத் துறைல இருக்கு? தீயைப் பாத்து ஓடறவங்க நமக்கு வேண்டாம். தீயை நோக்கி ஓடறவங்களும் வேண்டாம். அவங்களை யாரு கணக்கு வெச்சுக்கறது? நமக்கு வேண்டியது உக்காந்திருக்கறவங்க." அவர் பல்லியைப் பார்த்தார். "நீங்க யாரைக் கேட்டு எழுந்தீங்க?"

"யாரையும் கேக்கல சார். தீ கண்ணுல பட்டுது."

"எல்லார் கண்ணுலயும்தான் பட்டுது."

"ஆமா சார்," என்றாள். "அதான் எனக்குப் புரியல."

கணவன் முன்னால் வந்தான். கைகளைக் கட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்து, ஒப்பித்தான்.

"பக்கம் முந்நூத்தி ஏழு, விதி நாப்பத்தொண்ணு. தனி உறையில் இடப்பட்ட விடைத்தாள்கள், தனியே திருத்தப்பட்டு, தனியே தரவரிசைப்படுத்தப்படும். ஒவ்வொரு தரவரிசையிலும், தேர்ச்சி பெற்று முதலிடம் பெறுபவர், உடல்தகுதித் தேர்வுக்கு அழைக்கப்படுவார்."

தலைவர் மேசையிலிருந்த வழிகாட்டி நூலைத் திறந்தார். பக்கங்கள் ஒட்டியிருந்தன, ஸ்கேலால் பிரிக்க வேண்டியிருந்தது. பல வருடங்களுக்கு முன் மழையில் நனைந்த விடைத்தாள்களுக்காக எழுதிய விதி அது. எடுக்க மறந்திருந்தார்கள்.

பயிற்சி அலுவலர் புத்தகத்தை எட்டிப் பார்த்தார். "கமா கூடச் சரியா சொல்றான் சார்," என்றார். அவனைப் பெருமையோடு பார்த்தார்.

உறையைக் கிழித்தார்கள். உள்ளே ஒரே ஒரு தாள். அங்கேயே திருத்தினார்கள். அறுபது கேள்விகளுக்கு ஐம்பத்து மூன்று மதிப்பெண். தேர்ச்சிக்கு ஐம்பது போதும். தரவரிசைப் பட்டியல் ஒன்று தயாரித்து, அதில் அவள் எண்ணை முதலாவதாக எழுதி, மூவரும் கையெழுத்திட்டார்கள். தலைவர் எழுந்து நின்று, இவ்வளவு பேர் எழுதிய தேர்வில் முதலிடம் பெற்றதற்கு அவளைப் பாராட்டினார். எத்தனை பேர் என்று அவர் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

"நீங்களும் கோபுரத்துக்கு வரணும், ஞாபகம் இருக்கட்டும்," என்றார் கணவனிடம்.

"எனக்கு இந்த வேலை வேண்டாம் சார்."

"முதலிடம் வாங்கினவர் வேண்டாம்னு சொல்ல எங்ககிட்ட படிவம் இல்லையே."

"வராதவர்னு ஒரு கட்டம் இருக்கு சார். பக்கம் முந்நூத்தி முப்பது."

வெளியே வந்து பஸ்ஸுக்காக நின்றபோது அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். "தொண்ணூத்தெட்டு வாங்கிட்டு விடறீங்களே, வருத்தமா இல்லையா?"

"முந்நூறு பேருக்கு யாரு சமைப்பா?" என்றான் அவன். கொஞ்சம் பொறுத்து, "அன்னைக்கு நீ எழுந்தப்ப நானும் எழுந்திருக்கணும்," என்றான். பஸ் வந்தது. அவள் அவன் கையைப் பிடித்து ஏற்றிவிட்டாள்.

கோபுரம் பயிற்சி மைதானத்தின் ஓரத்தில் இருந்தது. பதினெட்டு மீட்டர் உயரம், வெளிப்பக்கமாக இரும்பு ஏணி. கீழே ஒரு அதிகாரி நிறுத்துகடிகாரத்தோடு மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். விசில் ஊதினார். பல்லி ஏறினாள். மேலே போய்க் கையைக் காட்டினாள்.

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார், படிவத்தைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார்.

"இறங்கி வாங்கம்மா."

வந்தாள்.

"பத்தொன்பது செகண்ட் வருது. என் படிவத்துல கட்டமே முப்பதுல இருந்துதான் தொடங்குது. பத்தொன்பதை நான் எங்க எழுதறது? மறுபடி ஏறுங்க. மெதுவா."

மறுபடி ஏறினாள். எவ்வளவு மெதுவாக ஏறியும் சீக்கிரமே பாதியைத் தாண்டிவிட்டாள். அங்கேயே ஒரு படியில் நின்று, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, திரும்பிப் பார்த்தாள். காற்று நன்றாக இருந்தது. கூரைகளும் தண்ணீர்த் தொட்டிகளும் தெரிந்தன. தூரத்துக் கட்டடம் ஒன்றில் யாரோ ஜன்னலைத் திறந்தார்கள், வெயில் பட்டுப் பளிச்சென்றது.

"இப்ப ஏறலாமா சார்?" என்று கீழே பார்த்துக் கேட்டாள்.

"இன்னும் அஞ்சு செகண்ட் இரும்மா," என்றார் அதிகாரி.

அந்த ஐந்து நொடியும் இருந்துவிட்டு அவள் மேலே போனாள்.